கட்டளையும் கடமையும்

நகரத்து நீர்க்குழாய்கள் மண்ணுக்குள் மறைந்து கிடக்கின்றன. நீர் தடையின்றி வரும்போது அவற்றை நினைப்பார் இலர். நீர் நின்றபோதே நினைக்கின்றனர். கணினிகளை இணைக்கும் வலைப்பின்னலும் அத்தகையதே. மருத்துவமனையும் வங்கியும் இரயில் நிலையமும் இன்று அதனை நம்பியே நடைபெறுகின்றன. அதனைக் காக்க விரும்பும் மாணவர் முதலில் கற்க வேண்டியது யாது?

வலைப்பின்னலில் செய்திகளுக்கு வழிகாட்டும் கருவி திசைவி எனப்படும். ரவுட்டர் என்றும் அதனை வழங்குவர். அதனை ஆளும் மென்பொருளே வலைப்பின்னல் இயங்குதளம். அம்மென்பொருள் நெடுங்காலம் பெரும்பாலும் பூட்டிய பெட்டியாகவே இருந்தது. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அந்த லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு 2013இல் தோன்றியது வையோஸ் என்னும் திறந்த மூல இயங்குதளம். ஏழை மாணவரும் அதனை விலை கொடாமல் பெற்றுப் பயிலலாம்.

ஆயினும், கதவு திறந்திருப்பது மட்டும் கல்வி ஆகாது. கட்டளைகளை மனப்பாடம் செய்வதும் கல்வி ஆகாது. தாம் இடும் கட்டளையால் யார்க்கு என்ன நேரும் என்று முன்னரே எண்ணும் பழக்கமே இக்கல்வியின் உயிர்.

விரைந்து முடிப்பதே திறமை என்பாரும் உளர். 2021 அக்டோபர் 4ஆம் நாள் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையின்போது இட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் வலைப்பின்னலையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை இருந்தது. உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் அந்நிறுவனத்தின் சேவைகள் நின்றன. தொலைவிலிருந்து பழுது நீக்கும் வழியும் அடைபட்டமையால், பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்ல நேர்ந்தது. நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டியவன் நிலை அது!

இத்தகைய தவற்றைத் தவிர்க்கும் ஒழுங்கை வையோஸ் தன் அமைப்பிலேயே கற்பிக்கின்றது. அமைப்பை மாற்றும் கட்டளை எழுதிய உடனே நடைமுறைக்கு வருவதில்லை. முதலில் எழுதுதல், அடுத்துப் பழைய அமைப்போடு ஒப்பிடுதல், பின்பு செயற்படுத்துதல், இறுதியில் சேமித்தல் என்பது முறை. ஐயம் இருப்பின், சில நிமிடங்களைக் கெடுவாகக் குறித்துச் செயற்படுத்தலாம். அக்கெடுவுக்குள் நிருவாகி உறுதி செய்யாவிடில், கருவி தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். தம் கட்டளையாலேயே இணைப்பை இழந்த நிருவாகியையும் இந்த ஏற்பாடு காக்கின்றது.

கருவி தரும் காவல் இவ்வளவே. ஒப்பிடாமல் செயற்படுத்துவோரையும், சேமிக்க மறப்போரையும் அது திருத்த இயலாது. ஆதலின், மாணவர் தம் பயிற்சிக் கணினியில் பலமுறை தவறலாம். தவற்றின் காரணத்தை ஆராய்ந்து குறித்து வைக்கலாம். பிறர் வாழ்வு தொங்கும் வலைப்பின்னலைத் தொடும்போதோ, நிதானமே அவர்க்கு முதற்கட்டளை. ஆளும் உரிமை பெற்றவர்க்கு அடக்கமும் வேண்டும் அன்றோ?