நுகர்வோர் இழந்த நுகர்ச்சி

'எளிய இன்பங்களுக்குத் திரும்புங்கள்' என்னும் அறிவுரை கருத்தரங்குகளில் ஓயாமல் ஒலிக்கிறது. அதற்கு அந்தமானைச் சான்று காட்டுவோரும் உளர். ரங்கத்திலிருந்து எழுதும் எனக்கு அதில் இரண்டு பிழைகள் தெரிகின்றன.

முதலாவது, இல்லாமைக்கு எளிமை என்று பெயர் சூட்டுவது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது இணைத்த இடங்களுள் ரங்கத்தும் ஒன்று. அதற்கு முன்பு, செயற்கைக்கோள் வழி வந்த மெலிந்த இணையத்தில் ஒரு விண்ணப்பம் திறக்கக் காத்துக்கிடந்த மாணவர் துறவு பூண்டவர் அல்லர், வேறு வழியற்றவர். தெரிவு இல்லாத இடத்தில் எளிமை அறமாகாது. அதை அழகென்று வியப்பவர், அந்த இல்லாமை நீடிப்பதற்கே துணைபோகிறார்.

இரண்டாவது, வளத்தையும் இன்பத்தையும் பகையாக்குவது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு. செல்வமே அங்கு முதலில் நிற்கிறது. ஆனால் உரையாசிரியர் பேராசிரியர் அச்செல்வத்திற்கு நுகர்ச்சி என்றே பொருள் கொண்டார். உடைமை தானாக உவகை தராது. துய்த்தால்தான் தரும் என்பது அதன் உட்பொருள்.

இன்று நுகர்வோர் என்றால் காசு கொடுத்து வாங்குபவர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காப்பதும் அவரைத்தான். மணத்தை நுகர்ந்த சொல் விலைச்சீட்டோடு நின்றுவிட்டது. வாங்கிய நூல் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. தரவிறக்கிய கட்டுரைகள் கோப்புறையில் உறங்குகின்றன.

குறைந்துபோனது பொழுது. ஆம்குஞ்ச் கடற்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்குச் சென்று அமர்வதற்கான மாலைதான் எவரிடமும் இல்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் கைவிட்டது. நம் துறைகள் அந்த எண்ணிக்கைப் பசியைக் கைவிட்டனவா? ஒரு செய்யுளோடு ஒரு வாரம் வாழ்ந்த மாணவரை, அந்த வாரத்தில் என்ன முடித்தாய் என்றுதானே கேட்கிறோம்?

ஆகவே, எளிய இன்பத்தைப் போதிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தீவுக்கு இணையமும் வேண்டும், கப்பலும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். அவற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். உங்கள் ஆய்வாளர்களுக்கு அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள். எதை நுகர்வது என்பதை அவர்களே அறிவர்.