முதற்பந்தி யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களை அழைத்துக்கொண்டு மாஞ்சோலைக்குச் சென்றிருந்தோம். மணிமுத்தாறு அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் பேருந்து ஊர்ந்து சென்று சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. அனைவருக்கும் கடும்பசி. தோட்டக் குடியிருப்பை ஒட்டித் தந்தைக்குப்பின் மகன் என ஒரு குடும்பத்தார் நெடுங்காலமாக நடத்திவந்த உணவுக் கடையில் சென்று அமர்ந்தோம். அமர்ந்தோமே தவிர, இலை விழவில்லை. நமக்குப் பின்னால் வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கே முதலில் சோறு பரிமாறப்பட்டது. அவர்கள் உண்டு எழுந்த பின்னரே நமது முறை வந்தது. ஒரே குழம்பு, ஒரே கூட்டு. வேறு எதுவும் இல்லை.

மலையிறங்கும் வழியெல்லாம் இதே பேச்சுத்தான். "தேடி வந்தவர்களை இப்படியா காக்க வைப்பது?" என்று ஒரு சாரார் கொதித்தனர். "வீட்டுச் சோறு போல் இருந்தது" என்று மறுசாரார் மெச்சினர். ஒரே அடுப்பில் வெந்த சோற்றுக்கு இருவேறு தீர்ப்புகள்!

நமது கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கடைக்காரர் செய்தது சரியே. கொழுந்து பறிப்போருக்கு இடைவேளை குறுகியது; நேரம் முடிந்ததும் எழுந்தாக வேண்டும். நமக்கோ அன்று பொழுதுபோக்குவதே வேலை. நாம் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவர்கள். அவர்களோ அன்றாடம் அக்கடையை நம்பி வாழ்ந்தவர்கள். கல்லாவின் அருகே கிடந்த பற்றுக் குறிப்பேட்டில் அவர்களுடைய பெயர்களே இருந்தன.

ஆயினும் ஒரு மாணவர் எழுப்பிய குறையை நம்மால் எளிதில் தள்ள இயலவில்லை. தேநீருக்குத் தொழிலாளரிடம் ஒரு விலையும் நம்மிடம் சற்றுக் கூடுதல் விலையும் பெறப்பட்டதை அவர் கண்டிருந்தார். தொகை அற்பம்தான். எனினும் விலைப் பலகை ஏதும் அங்கே இல்லை.

உணவைப் பற்றிய குறையும் வணிகத்தைப் பற்றிய குறையும் ஒன்றல்ல என்பதை நமது மார்க்கம் தெளிவாகவே பிரித்துக் காட்டியிருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இன்றேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி கூறுகிறது. அதே நபியவர்கள்தாம் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். மழையில் தானியம் நனைந்தது குற்றமன்று. அதை மறைத்ததே குற்றம். மலைக்கடையில் இருவிலை வைத்ததைக்கூட நாம் பொறுத்துக்கொள்வோம். உழைப்பவருக்குக் குறைந்த விலை என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியிருந்தால், நம்மில் பலர் மகிழ்ந்தே கொடுத்திருப்பார்கள்.

இவ்விடத்தில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை நினைவுக்கு வருகிறது. வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய ராஜபுத்திரக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் கடை அது. மாலையில் திறப்பார்கள், அல்வா தீர்ந்தால் மூடிவிடுவார்கள். அதைப் பற்றியும் எத்தனை மாறுபட்ட பேச்சுகள்! இலைத் துண்டில் சுடச்சுட வாங்கி வீதியோரத்தில் நின்றே உண்டவர் அதற்கு நிகரில்லை என்பார். பொட்டலம் கட்டி இரயிலேறிச் சென்னையில் மறுநாள் அவிழ்த்தவர், "இதற்கா இவ்வளவு வரிசை?" என்பார். சூட்டில் உருகி வழிந்த நெய் ஆறியபின் இறுகிவிடும் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. நெய் மிகுதி என்று முகம் சுளிப்போரும் உண்டு. அந்நெய்க்காகவே வருவோரும் உண்டு. வரிசையில் நின்றும் கிடைக்காமல் திரும்பியவரின் வருத்தம் உண்மையானதே. ஆனால் தீர்ந்தது தீர்ந்துவிட்டது என்பது அங்கே எல்லாருடைய கண்ணுக்கும் தெரிகிறது. அதன் உரிமையாளர் ஹரிசிங் 2020 ஜூனில் மறைந்தபோது நெல்லை மக்கள் தம் வீட்டு இழப்பைப் போல் வருந்தினர். குறை சொன்னவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

மாஞ்சோலைக்குத் திரும்புவோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,000 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டில் பாம்பே பர்மா நிறுவனம் தேயிலை வளர்த்தது. அத்தோட்டத்துத் தொழிலாளரின் கூலிக் கோரிக்கைக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் சென்றவர்களுள் 17 பேர் தாமிரபரணியில் மாண்டதை இம்மாவட்டம் மறக்கவில்லை. குத்தகை 2028இல் முடியும் என்றிருக்க, 2024 ஜூனிலேயே விருப்ப ஓய்வு பெற்று வெளியேறுமாறு தொழிலாளரிடம் கூறப்பட்டது. தோட்ட வேலையும் நின்றது. நான்கைந்து தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பல கீழே இறங்கிவிட்டன.

நம்மைக் காக்க வைத்துவிட்டு எவர்களுக்கு அன்று முதற்பந்தி இடப்பட்டதோ, அவர்கள் இனி அங்கே உண்ண வரப்போவதில்லை. மலையழகைக் காணச் செல்பவர் அங்கு இனிக் காத்திருக்கவும் வேண்டியிராது. அன்று கொதித்த மாணவருள் ஒருவர் அண்மையில் நம்மைக் கண்டபோது, அந்தக் குறிப்பேட்டில் தீராமல் நின்ற பற்றுகள் என்னவாகியிருக்கும் என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.