ஆட்டுக்கால் சூப் முட்டிக்குப் போகுமா?

ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கி முட்டி வலிக்கிறது என்றால், ஆட்டுக்கால் சூப் குடி என்று சொல்ல செஞ்சிப் பக்கம் நாலு பேராவது இருப்பார்கள். ஆட்டின் காலில் உள்ள பசை நம் முட்டிக்கே போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. அப்படி நேராகப் போவதில்லை. காரணம் புரதத்தின் கட்டமைப்பில் இருக்கிறது.

அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிதான் புரதம். நம் உடல் புரதங்களைக் கட்டப் பயன்படுவது 20 வகை அமினோ அமிலங்கள். அடுத்தடுத்த இரண்டைச் சேர்ப்பது பெப்டைடு பிணைப்பு. சமையல் சூட்டுக்கு அது எளிதில் அறுவதில்லை. சங்கிலி மடங்கி முறுக்கி ஓர் உருவம் எடுத்த பிறகே அதற்கு வேலை செய்யும் திறன் வருகிறது. அந்த உருவத்தைத் தாங்குவதில் ஹைட்ரஜன் பிணைப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தனித்தனியே அவை பலவீனமானவை. சூடு பட்டால் விட்டுவிடும்.

ஆட்டுக்காலின் தோலிலும் தசைநாரிலும் நிறைந்திருப்பது கொலாஜன். அதன் வடிவம் தெளிவானது சென்னையில் என்பதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ் கதிரில் ஆராய்ந்தார். மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை 1954-ல் முன்வைத்து, மறு ஆண்டே அதைத் திருத்தினார்கள்: மூன்றும் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு. அதில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான்; கயிற்றின் நடுவே வேறெதுவும் கொள்ளாது. மரபணுப் பிழையால் ஒரே ஒரு கிளைசின் மாறினாலும், சிறு அடிக்கே எலும்பு முறியும் நோயோடு குழந்தை பிறக்கலாம். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் ராமச்சந்திரன் 1963-ல் வெளியிட்ட, புரதச் சங்கிலி மடங்கும் விதங்களுக்கான வரைபடத்தில் வைத்துத்தான், புதிதாகக் கண்டறியும் புரத அமைப்புகளை இன்றும் உலகமெங்கும் சரிபார்க்கிறார்கள்.

மணிக்கணக்கில் கொதிக்கும்போது அந்த முப்புரி பிரிந்து ஜெலட்டினாகிறது. ஆறிய சூப் கட்டியாக உறைவது அதனால்தான். குடித்த பிறகு, வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் பெப்டைடு பிணைப்புகளையும் வெட்டிவிடுகின்றன. ரத்தத்தில் சேருவது தனி அமினோ அமிலங்களும் மிகக் குட்டையான துண்டுகளும்தான். உடல் அவற்றைத் தேவைப்பட்ட இடத்தில் பயன்படுத்தும். முட்டிக்கென்று ஒதுக்கி வைக்காது. கொலாஜனை உடல்தான் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த முப்புரி பிரியாமல் நிற்க வைட்டமின் சி தேவை. அது நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் கிடைக்கிறது.

புரதத்துக்கு ஜெலட்டினை மட்டும் நம்பவும் முடியாது. டிரிப்டோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லை. நம் கொல்லைகளில் விளையும் மணிலாக்கொட்டையில் அது உண்டு. 100 கிராம் பருப்பில் புரதம் சுமார் 25 கிராம். அதில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைத் துவரையும் உளுந்தும் ஈடுகட்டும். சூப்பை ருசிக்காகத் தாராளமாகக் குடிக்கலாம். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.