தொடுதிரை போன்: மலைக்குச் சரிப்படுமா?

சிலமலையிலிருந்து ஏலத்தோட்டத்திற்கு மலை ஏறுபவர் புதிய தொடுதிரை போனில் முதலில் சோதிக்க வேண்டியது கேமராவை அல்ல, திரையை. இந்தத் திரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. விரல் பட்டதும் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தையே உணர்கிறது. எனவே சாதாரண கையுறை போட்ட விரலைக் கண்டுகொள்ளாது. மழைத்துளி விழுந்தாலோ, சில சமயம் தொடாமலே ஏதாவது திறந்துகொள்ளும்! 2003ல் வந்த நோக்கியா 1100ல் இந்தத் தொல்லை இல்லை, டார்ச்சும் உண்டு.

2008 ஆகஸ்ட் 22ல் ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். பெயரில்தான் 3ஜி, அன்று நாட்டில் 3ஜி சேவையே இல்லை. ஆகவே விளம்பர வசதி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். ஈர விரலால் உங்கள் பெயரைத் தமிழில் டைப் செய்து பாருங்கள். பழைய பட்டன் போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.