அழைப்பு யாருக்கு?

இலண்டனில் ஆண்டுதோறும் ஜனவரித் திங்களில் நடைபெறும் ‘மாஸ்டர்ஸ்’ ஸ்நூக்கர் பந்தயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் விடுதி நண்பர் சிலர் நகைக்கின்றனர். “அழைப்புப் பெற்றவன் மட்டும் ஆடுவது, சீமான்களின் விருந்து, நமக்கென்ன?” என்கின்றனர். பழியை இடம் மாற்றிப் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

அழைப்புப் பந்தயம்தான், மறுக்கவில்லை. 1975-இல் முதன்முதலாக நடந்தபோது பத்துப் பேரைத்தான் அழைத்தார்கள். இறுதியில் ஜான் ஸ்பென்சரும் ரே ரியர்டனும் எட்டுக்கு எட்டு என்று நின்றனர். கடைசி ஆட்டமும் சமனாகிவிடவே, கறுப்புப் பந்தை மீண்டும் மேசைமீது வைத்து ஆடி, ஸ்பென்சர் 9-8 என வென்றார். தோற்ற ரியர்டன் யார்? நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துப் பின் போலீஸ்காரரானவர். மறு ஆண்டே பட்டத்தைக் கைப்பற்றினார். 1980-இல் வென்ற டெரி கிரிஃபித்ஸ் பஸ் கண்டக்டராகவும் தபால்காரராகவும் வேலை பார்த்தவர். நல்ல சீமான்கள்!

இன்று அழைப்பு, உலகத் தரவரிசையில் முதல் பதினாறு இடத்தாருக்கு. சிபாரிசு அங்கே செல்லாது. 2011-இல் இறுதியாட்டத்தில் நின்ற இருவரும் ஆசியர்: சீனத்து டிங் சுன்ஹுய், ஹாங்காங் மார்கோ ஃபூ. டிங் 10-4 என வென்றார். 2025-இல் ஷான் மர்பி அரையிறுதியில் ஒரே மூச்சில் 147 புள்ளிகள் குவித்து, இறுதியில் கைரன் வில்சனை 10-7 என வீழ்த்தினார்.

அப்பதினாறு பேருள் ஓர் இந்தியர் இதுவரை இடம் பெற்றதில்லை. திறமை இல்லையா? 2013-இல் புதுதில்லியில் நடந்த இந்தியன் ஓபன் பந்தயத்தில் நம் ஆதித்ய மேத்தா இறுதிவரை வந்து டிங்கிடம்தான் தோற்றார்.

இத்தனைக்கும் இவ்வாட்டம் பிறந்ததே இந்நாட்டில்! 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இராணுவ அதிகாரி (பிரதமர் அல்லர், வேறொருவர்) தொடங்கியது என்பர். அதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டது நம் உதகமண்டலத்துக் கிளப்பில். அதிகாரிகளின் ஆட்டம் கடல் கடந்து போய்ச் சுரங்கத் தொழிலாளியின் ஆட்டமாயிற்று. பிறந்த மண்ணிலோ நெடுங்காலம் கிளப்புகளின் கதவுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. இன்று நகரங்களில் மணிக்கு இவ்வளவென்று வாங்கும் கூடங்கள் உள்ளன. ஆனால் உதவித்தொகையில் படிக்கும் மாணவன் அங்கே எத்தனை மணி ஆட முடியும்? கைப்பழக்கமோ ஆயிரக்கணக்கான மணி கேட்கும்.

ஆகவே இலண்டன் அழைப்பைப் பழிக்குமுன், நம் வாயிலில் யார் யாரை அழைக்கிறோம் என்று பார்ப்போம். மாணவர் மன்றத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மேசை வேண்டுமென நம் சங்கம் பல்கலைக்கழகத்தாரிடம் கேட்கட்டும். பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். பச்சைத் துணிக்கடியில் கற்பலகை, எடை ஒரு டன்னுக்கு மேல். மாடியில் இடம் தருவதாகச் சொன்னால் ஒப்ப வேண்டாம்; கீழ்த்தளத்திலேயே கேளுங்கள்.