கோட்டையைக் கட்டியவர் தேசிங்கு அல்லர்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் கலை இரவில் ‘ராஜா தேசிங்கு’ நாடகம் அரங்கேறியது பலருக்கும் நினைவிருக்கும். திரை விலகும் முன் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: “செஞ்சிக் கோட்டையைக் கட்டி ஆண்ட தமிழ் மன்னன், மாவீரன் தேசிங்கு!” மண்டபம் அதிரக் கைத்தட்டல். அந்த வரியை எழுதியவன் நான்தான்.

அதில் இரண்டு பிழைகள். தேசிங்கு செஞ்சிக் கோட்டையைக் கட்டவில்லை. அவர் தமிழரும் அல்லர். அத்தனை தமிழ் மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஒருவர்கூட என்னைப் பிடித்துக் கேட்கவில்லை. அன்று அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்று வருத்தமாக இருக்கிறது.

நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே கோட்டை என்றால் மலாக்காவின் ஆ ஃபாமோசாதான். 1807இல் ஆங்கிலேயர் இடித்தது போக மிஞ்சிய ஒற்றை வாசல் முன் நின்று படமெடுத்துக் கொள்ளாத மாணவர் யார்? செஞ்சியை எனக்குச் சொன்னவர் தாத்தா. தோட்டத்து லயத்தில் இரவு வேளைகளில் ‘பெரிய எழுத்து’ தேசிங்குராஜன் கதையை அவர் ராகம் போட்டுப் படிப்பாராம். அத்துடன் எம்.ஜி.ஆர். நடித்து 1960இல் வந்த படம். அறிவிப்பு எழுத இவ்வளவு போதும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது படித்ததைச் சொல்கிறேன். செஞ்சிக் கோட்டை தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளை வளைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீள மதில் ஓடுகிறது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அதன் உச்சியை எட்டும் முன் பாறையில் ஒரு பிளவு, 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால், கீழே எவ்வளவு பெரிய படை நின்றாலும் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்.

1190 வாக்கில் ஆனந்தக் கோன் என்ற ஆயர் தலைவர் இங்கே முதல் அரணை எழுப்பினார் என்கிறது மரபுக் கதை. இன்று நாம் காணும் மதில்கள், தானியக் களஞ்சியங்கள், கல்யாண மஹால் ஆகியவற்றில் பெரும்பகுதி விஜயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர்களின் வேலை. 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இதையே தலைநகராக்கிக்கொண்டு, முகலாயர்களின் முற்றுகையை 1690 முதல் எட்டு ஆண்டுகள் தாங்கினார். எட்டு ஆண்டுகள்! நாம் ஒரு பட்டப்படிப்பை இரண்டு முறை முடித்துவிடலாம். 1698இல் கோட்டை விழுந்தது, ராஜாராம் தப்பிவிட்டார். வருகிற ஒவ்வொருவரும் முன்னவர் மதிலை இடித்துப்போடாமல் அதன்மேல் தங்கள் கல்லை வைத்திருக்கிறார்கள்.

தேசிங்கு வருவது இதற்கெல்லாம் பிறகு. முகலாயர்கள் செஞ்சியை ஸ்வரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார்கள். 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். அந்தப் பெயர்தான் நம் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிக் கப்பத்தைக் கேட்டார், இவர் மறுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் போர்க்களத்தில் மாண்டார். ஆட்சி ஓர் ஆண்டுகூட நீடிக்கவில்லை. இறந்தபோது வயது இருபத்திரண்டு என்பார்கள். என் வயது.

1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி என்று கை மாறி, கடைசியில் காவலுக்கும் ஆளில்லாமல் கோட்டை பாழடைந்தது.

கடந்த 2025 ஜூலையில் யுனெஸ்கோ, ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. “நம் கோட்டைக்கு மராட்டியர் பெயரா?” என்று தோழர்கள் சிலர் கொதித்தார்கள். இருபத்தொரு ஆண்டு மராட்டிய ஆட்சியின் பெயரைப் பல நூற்றாண்டுக் கோட்டைக்குச் சூட்டுவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால், ஓர் ஆண்டுகூட ஆளாதவரைக் ‘கட்டிய மன்னன்’ என்று மேடையில் முழங்கிய நான் எந்த வாயால் அதைக் கேட்பேன்?

பெருமை பேசும் அவசரத்தில் நாம் உண்மையிலேயே வியக்க வேண்டியதைத் தவறவிட்டோம் என்பதே என் கருத்து. கோட்டை எழுப்பிய கோன்களுக்கோ, எட்டாண்டு முற்றுகைக்கோ இல்லாத புகழைக் கதைப் பாடகர்கள் வடக்கத்தி இளைஞன் ஒருவனுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். அவனுடைய குதிரைக்கும் கொடுத்தார்கள். மணக்கோலத்தை விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவந்து உயிரைக் கொடுத்த முஸ்லிம் நண்பன் மகபத்கானுக்கும் கொடுத்தார்கள். அவன் என்ன இனம், வீட்டில் என்ன மொழி பேசினான், எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறான் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. அந்த மண்ணுக்காக நின்றான், போதும். தங்கள் பிள்ளையாக்கிக் கொண்டார்கள். தாத்தா அந்தக் கதையைக் கப்பலேறிய பிறகும் கைவிடவில்லை. எத்தனை தலைமுறை என்ற கேள்வியை இந்நாட்டில் கேட்டுப் பழகிய குடும்பம் எங்களுடையது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. நானோ அவனைத் ‘தமிழ் மன்னன்’ ஆக்கி, பாடியவர்களின் அந்தப் பெருமனத்தை ஒரே வரியில் அழித்துவிட்டேன்.

இவ்வாண்டும் அதே நாடகம் மேடையேறப் போகிறது. அறிவிப்பை மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: “செஞ்சியைச் சில மாதங்களே ஆண்டு, அதற்காக உயிர்விட்ட புந்தேலா இளைஞன் தேசிங்கு. இது அவனுக்காகத் தமிழர் பாடிய கதை.” கைத்தட்டல் கொஞ்சம் குறையும் என்கிறார் நாடகக் குழுத் தோழர். குறையலாம்.