தட்டைத் தனியா வை

கதிரியக்க அயோடின் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் தருகிறார்கள். தனி அறையில் படு. தனிக் கக்கூஸ் பயன்படுத்து, ரெண்டு தடவை தண்ணி ஊத்து. தட்டு டம்ளரைத் தனியாகக் கழுவு. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே சேர்க்காதே. யார் வீட்டை மனசில் வைத்து எழுதினது இது? சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைத் தாண்டி எங்கள் காலனிக்கு வந்து பார்க்கட்டும். ஒரே அறை, ஆறு பேர், பொதுக் கக்கூஸ்.

எங்க அத்தை தறி முதலாளி வீட்டில் தார் சுத்துறவங்க. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, உடம்பு இளைச்சு, கை நடுங்க ஆரம்பிச்சது. நடுங்குற கையில பட்டு இழை நிக்குமா? அறுந்ததுக்கெல்லாம் கூலியில் பிடித்தார்கள். 'குடிச்சிட்டு வர்றியா'ன்னு கேட்டான் ஒருத்தன். கார்பிமசோல் மாத்திரை ஒன்றரை வருஷம் சாப்பிட்டாங்க. நிறுத்தினதும் நோய் திரும்பிடுச்சு. அப்புறம்தான் இந்த வைத்தியம்.

மருந்தோடு எனக்குச் சண்டையில்லை. சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர் 1941இல் பாஸ்டனில் தொடங்கி வைத்தது. தைராய்டுக்கு அயோடின்தான் தீனி. அயோடின்-131ஐ விழுங்கினால் சுரப்பி அதையும் இழுத்துக்கொள்ளும். கதிர் உள்ளேயிருந்தே அதைச் சுட்டு அடக்கும். பிறகு பெரும்பாலானவர்கள் ஆயுசுக்கும் தைராக்சின் மாத்திரை போடணும், அத்தையும் போடுறாங்க. மிச்ச மருந்து எச்சிலிலும் வேர்வையிலும் மூத்திரத்திலும் வெளியேறுவதால் சில நாள் ஒதுங்கி இருப்பது நியாயம்தான். கதிர் எட்டு நாளில் பாதியாகும், அடுத்த எட்டு நாளில் அதிலும் பாதி.

அந்தத் தாளை விளக்கின ஊழியர் சொன்னார்: 'தீட்டுன்னு நெனைச்சிக்கம்மா, புரியும்.'

'அதுக்கு மருந்து எதுக்கு சார் குடிக்கணும்? பொறந்ததுலேர்ந்தே அப்டித்தானே கீறேன்' என்றாங்க அத்தை. அவர் சிரித்தாராம்.

இழை எண்ணிப் பிழைக்கிற பொம்பளைக்கு இத்தனை நாள், இத்தனை அடி தூரம் என்று சொன்னால் புரியாதா? 2020இல் கொரோனா வந்தபோதும் 'சமூக விலகல்' என்றார்கள். விலக்கிப் பழகின வாய்க்கு வேறு சொல் வருவதில்லை.

கைக்குழந்தையோடு இருந்த மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினோம். அத்தை தாழ்வாரத்தில் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுத்தாங்க. கக்கூஸுக்குக் குடம் குடமாகத் தண்ணி சுமந்தாங்க. முதலாளி வீட்டில் ஒரு மாசம் வராதே என்றார்கள், கூலி கிடையாது. திரும்பிப் போனால் அத்தையின் டம்ளர் திண்ணை மாடத்தில் தனியாக இருந்தது. கதிருக்குப் பயந்து வைத்ததில்லை. மருந்துக்கு முன்னாலேயே அது அங்கேதான். மருந்துக்கு எட்டு நாள் கணக்கு இருக்கிறது, டம்ளருக்கு என்ன கணக்கு?

2019இல் செங்கல்பட்டு பிரியும்வரை கல்பாக்கம் அணு உலைகள் எங்கள் மாவட்டத்தில்தான் இருந்தன. அணுவுக்கு நிலமும் வேலியும் காவலும் உண்டு. அணு மருந்து குடித்தவளுக்குப் படுக்க இடமில்லை. தைராய்டு புற்றுநோய்க்கு அதிக அளவு கொடுத்தால் ஆஸ்பத்திரியிலேயே தனி வார்டில் வைக்கிறார்கள். இது குறைந்த அளவாம், அதனால் வீட்டுக்குப் போ என்கிறார்கள். மருந்தை நீட்டுமுன் வீட்டில் எத்தனை அறை, எத்தனை குழந்தை, கக்கூஸ் யாருடையது என்று கேளுங்கள். அறை இல்லாதவர்களுக்கு அந்தச் சில நாளுக்குப் படுக்கை கொடுங்கள், போன கூலியைக் கொடுங்கள். தாளை நல்ல தமிழில் எழுதுங்கள், தீட்டு என்ற சொல் இல்லாமல்.